பதினொரு மணிக்கு டாக்டர் வருகிறார்

என்னங்க,

முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதிவைக்கிறேன். மேல்முறையீட்டுக் காகிதங்களோடு வக்கீலிடம் போகிறேன். சாப்பாடு மூடிவைத்திருக்கிறது.

பதினொரு மணிக்கு உங்கள் காதைச் சோதிக்க டாக்டர் வீட்டுக்கே வருகிறார். போன தடவை மாதிரி விறைப்பாக நின்று, "எல்லாம் நல்லா கேக்குது சார்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால்தான் ஊனமுற்றோர் பென்ஷன் கைவிட்டுப் போனது. இருபது வருஷம் பீரங்கிப் பக்கத்தில் நின்ற காது. இதில் என்ன கௌரவக் குறைச்சல்? காலையில் இதற்குத்தானே சண்டை.

டாக்டரிடம் காட்ட உங்கள் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம் பீரோ மேல்தட்டில்.

பி.கு: இப்போது வெளியே போய் வாசல் மணியை மூன்று முறை அடித்துப் பார்த்தேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. கோபத்தில்தான் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. கதவைத் தாழிடவில்லை. டாக்டர் தானாகவே உள்ளே வரட்டும்.