பாஸ்வேர்டு கேட்காத பெயர்

6-2-88, அரூர்

மறுபடியும் அமீருன்னிசாவுக்கே. பெங்களூர் ஊறுகாய் கம்பெனிக்குப் புளி அனுப்பும் ஆர்டர் மூன்றாவது முறையாக அவளுக்கு. என் கிடங்கில் சரக்கு கறுக்கிறது. வியாபாரிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்தே இப்படித்தான். ஒரே கம்ப்யூட்டருக்கு வரிசையாக நாலு திரைப்பெட்டி. அவரவர் பாஸ்வேர்டு போட்டு விலையை அதில் எழுத வேண்டும். சனிக்கிழமை திறந்து பார்த்து, குறைந்த விலைக்கு ஆர்டர். நான் தலைச்சுமையாகப் புளி விற்று மேலே வந்தவள். அவளும் அப்படித்தான். ஆனால் சங்கத் தலைவர் வெங்கடாசலம் சொல்கிறார்: "ஜானகியம்மா, பாய் வூட்டம்மா பத்து விரல்லயும் தட்டுறாங்க. நீங்க கோழி மாதிரி பொறுக்குறீங்களே!"

சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

9-2-88

கம்ப்யூட்டர் என்ஜினியர் பெங்களூரிலிருந்து வந்தார். "உள்ள ஓடுறது யுனிக்ஸுங்க, பூட்டு கெட்டி" என்று ஒரே பெருமை. பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பெயரைத் தட்டினார். எங்களுக்கெல்லாம் அடுத்து பாஸ்வேர்டு கேட்கும், அவருக்குக் கேட்கவில்லை. நேரே உள்ளே. எல்லோருடைய விலையும் திரையில்! ரிப்பேருக்காக வைத்த வழியாம். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். வழி பஸ் ஏறவில்லையே.

11-2-88

செய்துவிட்டேன். என்ஜினியர் தட்டிய பெயரை எழுத்து எழுத்தாகப் பொறுக்கி. அவள் விலைக்குக் கொஞ்சம் கீழே என் விலை. தப்பா? சந்தையில் பக்கத்துக் கடையை எட்டிப் பார்ப்பதில்லையா? — இது எட்டிப் பார்ப்பது இல்லை. தெரியும்.

13-2-88

ஆர்டர் எனக்கு. அமீருன்னிசா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, என் மனசுக்குள்ள பூந்து பாத்த மாதிரி போட்டிருக்கீங்க!" சிரித்தாளா, குத்தினாளா?

14-2-88

ஜெயிச்சும் எரியுது. விலைக்குக் கீழே அவள் எழுதியிருந்த கணக்கு கண்ணிலேயே நிற்கிறது. ஈரம் காய்ந்து எடை குறைவதற்குக்கூடத் தனியாகக் கழிவு! இத்தனை வருஷமாக எனக்கு ஏன் தோன்றவில்லை?

18-2-88

மறுபடி அந்தப் பெயரில் உள்ளே போனேன். மூன்றாம் பெட்டியில் அவள் இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

19-2-88

சங்கத்தில் கூட்டம். கூட்டியவள் அவள்.

"தலைவரே, விலை போடறதுக்கு முன்னாடி, உள்ள யார் யார் இருக்காங்கன்னு நான் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாப்பேன். சந்தைக்குள்ள பூந்தா அப்படிப் பாக்க மாட்டமா? நேத்து என்ஜினியர் பேரு வருதுங்க. ஆளு பெங்களூர்ல, பேரு மட்டும் இங்க வந்து குந்திக்கிட்டு இருக்கு!"

ஒரே சிரிப்பு. வெங்கடாசலம் கேட்டார்: "எந்தப் பெட்டியில?"

அதுவும் திரையில் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் எப்போதும் உட்காருவது நான்காம் பெட்டி.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "அதை நான் பாக்கலைங்க. மொதல்ல அந்தப் பேருக்கு ஒரு பூட்டைப் போடச் சொல்லுங்க."

பாத்தா. நல்லா பாத்தா. காட்டிக் குடுத்திருந்தா அவளைத் திட்டவாவது திட்டியிருப்பேன். இப்ப அதுலயும் அவதான் மேல.

20-2-88

இந்த வாரம் எழுதிய விலையெல்லாம் ரத்து.

27-2-88

அந்தப் பெயருக்கும் இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. தட்டிப் பார்த்தேன்.

என் விலையை நானே யோசித்துப் போட்டேன், ஈரக் கழிவும் சேர்த்து. ஆர்டர் அவளுக்கு. சாயங்காலம் ஆளை அனுப்பாமல் அவளே கிடங்குக்கு வந்தாள். "சரக்கு பத்தலக்கா. பாதி லோடு உங்ககிட்ட எடுத்துக்கட்டுமா?"

கொடுத்தேன். மூட்டை தைக்கிற பாஞ்சாலியிடம் மட்டும் சொன்னேன்: "சாக்குல இருக்கற என் பேரு வெளிய தெரியற மாதிரி தைடி."