செபமாலை தந்த போளைகள்

விடத்தல்தீவு,
12.03.2011

அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

புத்தளத்திலிருந்து பிள்ளைகளோடு எப்போது வரலாம் என்று கேட்டிருந்தாய். இங்கே யாரை நம்பி வரச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வளவுச் செபமாலை நேற்று ஒரு தகர டப்பாவை நீட்டினான்.

"உங்கட கிணத்தடியைக் கிண்டேக்க கிடைச்சது."

உள்ளே நான் சேர்த்த பழைய கண்ணாடிப் போளைகள், சின்ன வயதுக் கோலிக்குண்டுகள். கையால் செய்த போளையில் கண்ணாடியை வெட்டியெடுத்த தழும்பு இருக்கும். தடவிப் பார்த்தேன், இருந்தது. ஆனால் இருபது வருடம் உப்பு மண்ணில் கிடந்த கண்ணாடி மங்கிப்போயிருக்கும். இவை பளபளத்தன.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு விரட்டியபோது அவற்றை உன் அலுமாரியில் அல்லவா வைத்தேன்? அவன் வீட்டில் தேநீர் குடிக்கும்போதும் என் கண்கள் அந்த அலுமாரியைத்தான் தேடின. கடைசியில் அலுமாரி எங்கே என்று கேட்டேவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவிதான் என்னை அண்ணனாக அழைத்துப் பேசினாள்.

"நானா, சண்டையில செல்லடிக்கேக்க அலுமாரியை உடைச்சுப் பங்கர் குழிக்கு மேல போட்டனாங்கள். பிள்ளையள் தப்பினது அந்தப் பலகையாலதான். போளையளை அகதி முகாம் வரைக்கும் சீலையில முடிஞ்சு கொண்டு திரிஞ்சனான். இவருக்கு உங்களிட்டச் சொல்ல வெக்கம்."

அது உன் சீதன அலுமாரி. அதனால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான்.

பிள்ளைகளோடு வந்து சொல்.

உன் கணவன்