பஸ்ஸில் எழுந்திருக்காத அம்மாவுக்கு ஒரு பூசை

என் உயிர்த் தோஸ்து லாரன்ஸ், ராயபுரத்தையே ஆண்டுவிட்டுக் காசிமேட்டுக் கல்லறையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் மகாராஜாவே,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம். உன் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகவில்லை. இதை எழுதும்போதே என் மீசை தானாக மேலே ஏறுகிறது. நீ பார்த்திருந்தால் "அடங்குடா" என்றிருப்பாய்.

நீ போன பிறகு உன் வீட்டுக்காரி பிலோமினா தங்கச்சி திருவொற்றியூரில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோக வேண்டியதாயிற்று. அங்கே ஆள் படுத்தால் பாத்திரம் எழுந்து நிற்க வேண்டும். உன் புத்தகப் பெட்டிகளை எங்கே வைப்பது? ஹார்பரில் சரக்கு இறக்கப் போன இடத்தில், கறுப்பு மாலுமிகளோடு சிநேகம் பிடித்து, பீடி கொடுத்து வாங்கிச் சேர்த்தவை அல்லவா அவை! அடிமைக் கப்பல், பருத்திக் காடு, கறுப்பருக்கென்று தனிக் குழாய், தனிப் பள்ளிக்கூடம், அதையெல்லாம் எதிர்த்து நின்ற ஜனங்கள். எல்லாம் இங்கிலீஷ். நானோ எட்டாவது, அதுவும் வாத்தியார் என்மேல் வைத்திருந்த மரியாதையால் கிடைத்தது. நீ படித்து நம்ம பாஷையில் சொல்லச் சொல்ல, காதாலேயே பட்டம் வாங்கியவன் நான்.

பெட்டிகளை நான் ஒருவனே நம் கேரம் கிளப்புக்குத் தூக்கி வந்தேன். ஒரு மீன்பாடி வண்டியும் கூட வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாரம் முழுக்க என் தலையில்தான்.

கிளப் செக்ரட்டரி தனபால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னா மாமு இது? போர்டு போடவே எடம் இல்ல. இத்த யாரு படிக்கிறது?"

"ஊரே படிக்கும்டா."

"ஊரு வோணாம். கல்லறைத் திருநாளுக்குள்ள ஒரே ஒரு ஆளு வந்து கேக்கட்டும், வெச்சிக்கிறேன். இல்லன்னா பேப்பர் கடைதான்."

சொல்லிவிட்டேனே தவிர, யார் வருவார்கள்? டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நீ சொன்னதில் எனக்கு உயிரான கதையை எடுத்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு இடம் விடச் சொன்னபோது, பஸ்ஸில் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட கறுப்பு அம்மா. அவருக்காக அந்த ஊர்க் கறுப்பு ஜனம் பஸ்ஸே ஏறாமல் நடந்து நடந்தே ஜெயித்த கதை. கொஞ்சம் மசாலாவும் சேர்த்தேன். அந்த அம்மா மடியில் ஒரு மீன்கூடை வைத்தேன். டிரைவருக்குக் கன்னத்தில் ஓர் அறை வாங்கிக் கொடுத்தேன். "யாருண்ணா அது, எந்த ஏரியா?" என்று கேட்டவர்களிடம், "நம்ம பொம்பளதான்" என்றேன். அது பொய்யா, நீயே சொல்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மீன் விற்கும் பாக்கியமும் இருந்தாள். அடுத்த வாரமே ஒரு பஸ்ஸில் அவளைக் கூடையோடு இறங்கச் சொல்லியிருக்கிறார் கண்டக்டர்.

"எம்மா, நாத்தம் தாங்கலன்றாங்க. எறங்கு."

"துட்டு குட்த்துதான் டிக்கெட் வாங்கிக்கீறேன். எதுக்கு எறங்கணும்? அந்தம்மா எறங்குச்சா?"

"எந்தம்மா?"

"பஸ்ஸுல எழுந்திரிக்காத அம்மா! தெரியாதா உனுக்கு? டீக்கடையாண்ட வந்து ஏழுமலை அண்ணன கேளு!"

வண்டியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும், "அவ எறங்குனா நாங்களும் எறங்கறோம், எங்க துட்ட எண்ணி வை" என்று பிடித்துக்கொண்டார்களாம். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பாக்கியம் கூடையோடு போய் இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கினாள். நான் அந்த பஸ்ஸில் இல்லை. ஆனாலும் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்ததாகவே எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

பாக்கியம் நன்றி மறப்பவளா? கல்லறைத் திருநாளுக்கு, செத்துப்போன தன் சொந்தங்களின் பெயர்களைப் பூசைக்கு எழுதிக் கொடுத்தபோது, அந்த அம்மாவையும் சேர்க்கச் சொல்லிவிட்டாள். பெயர் தெரியாது. அதனால் என்ன?

அன்றைக்கு உனக்காக ஒரு மெழுகுவத்தியோடு கோயிலில் கடைசியில் நின்றிருந்தேன். பக்கத்தில் உன் மகள் ஸ்டெல்லா, கன்டெய்னர் யார்டு ஆபீசுக்கு லீவு போட்டு வந்திருந்தாள். சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்து வந்தார். அந்தோணியம்மாள், சவரிமுத்து, "பஸ்ஸில் எழுந்திருக்காத அம்மாவின் ஆன்மா இளைப்பாற..." அத்தோடு நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். பூசை முடிந்ததும் மைக்கிலேயே கேட்டார்: "இவங்க யாருங்க? எந்தத் தெரு?"

பாக்கியம் எழுந்தாள். "நம்ம ஜனம்தான் ஃபாதர். தோ, பின்னால நிக்கிறாரே ஏழுமலை அண்ணன், அவுருக்கு வேண்டியவங்க."

கோயிலே என் பக்கம் திரும்பியது.

"மாட்னியா மாமா?" என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தாள்.

"யாருடி மாட்னது? கிளப்புக்கு ஓடு. அப்பா பொட்டியில பஸ் படம் போட்ட புக்கு கீது, எத்துகினு வா."

அவள் வருவதற்குள் நான் கதையைப் பாதி சொல்லியிருந்தேன், மைக் இல்லாமலே. எண்ணூரில் கேட்டிருக்கும். புத்தகம் வந்தது. பஸ் ஜன்னலோரம் அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் படம் கைக்குக் கை போனது. ஸ்டெல்லா ஒரு பக்கத்தைத் தமிழில் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், "இவங்க மீன் விக்கல. தையல் வேலை செஞ்சாங்க" என்றாள்.

"தையலா? அப்ப கூடை?" என்றாள் பாக்கியம்.

"கூடை கீழ கீது, போட்டோவுல வுழல" என்றேன் நான்.

கோயில் சிரித்தது. சாமியாரும் சிரித்தார். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. படத்தின்மேல் விரலை வைத்துத் தடவினாள். "நம்ம கலருதான் ஃபாதர். மீனா இருந்தா இன்னா, தையலா இருந்தா இன்னா? எழுந்திரிக்கல இல்ல?"

"பூசை செல்லும்மா" என்றார் சாமியார்.

அங்கிருந்தே பெண்கள் கூட்டமாகக் கிளப்புக்கு நடந்தார்கள். தனபால் ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தான்.

"லாரன்ஸ் அண்ணன் புக்கு எங்க கீது? மீதி கதையும் கேக்கணும்."

ஒரே ஒரு ஆள் கேட்டவனுக்கு ஒரு தெருவையே காட்டினேன். ஒரு கேரம் போர்டு வெளியே போனது, சுவரில் புத்தகப் பலகை ஏறியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஸ்டெல்லா படித்துச் சொல்கிறாள். ஆட வந்தவர்கள் காயை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். நீ இருந்தபோதுகூட இத்தனை கூட்டம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, விளம்பரம் என்னுடையது.

போன ஞாயிறு அடிமைக் கப்பல் புத்தகம். சங்கிலியோடு கடலில் தூக்கிப் போடப்பட்டவர்கள். பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. பாக்கியத்தின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவன் என்பது உனக்குத் தெரியும். அவள்தான் கேட்டாள்: "கடல்ல போனவங்களுக்கு நாம பூ வுடறோமே, இவங்களுக்கு யாருனா வுட்டாங்களா?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், லாரன்ஸு?

நாங்கள் முடிவு செய்துவிட்டோம். வரும் கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டிலிருந்து படகு எடுக்கிறோம். படகுக்குச் சொல்லியாயிற்று, பூ என் பொறுப்பு. கரை மறைகிற தூரம் போய் இன்ஜினை நிறுத்துவோம். ஸ்டெல்லா அந்தப் பக்கத்தைப் படிப்பாள், பெண்கள் பூவை விடுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். அந்தக் கதையில் மட்டும் என் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூடச் சேராது. இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

பிலோமினாவுக்கு அண்ணன், ஸ்டெல்லாவுக்கு மாமன், ஆகவே உனக்கு என்றைக்கும் மச்சான்,
ஏழுமலை