திருப்பி அனுப்பாத ஒன்பது கடிதங்கள்

மில்வாக்கி, நவம்பர் 1896

தம்பிக்கு,

அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம். அவர் விருப்பப்படி பாதிரியார் வரவில்லை; அவருடைய ஜெர்மன் பாட்டுக் கழகத்தார் பாடினார்கள். பாதிரியார் இல்லாவிட்டால் மகன்தானே பேச வேண்டும்? உள்நாட்டுப் போரில் அப்பாவின் படையில் இருந்து ஒரு கை இழந்த வெண்டலின் கேட்டார்: "எங்கேம்மா உன் தம்பி? பிள்ளை பேசாம குழியை மூடுனா கேப்டன் எழும்பி வந்து வாதாடுவாரு, வக்கீலாச்சே!" உனக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அப்பா சட்டமன்றத்தில் எதிர்த்தார், நீ ஆதரித்தாய்; அந்தச் சண்டையில் வீட்டைவிட்டும் போனாய். "இந்த வீட்டுல ஜெர்மன்தான். அவன் ஆங்கிலத்துல எழுதினா திருப்பி அனுப்பு" என்றார். நீதிமன்றத்தில் நாளெல்லாம் ஆங்கிலம் பேசியவர்! எனக்கு மனம் வரவில்லை. உன் ஒன்பது கடிதங்களையும் துணிப்பெட்டியில் ஒளித்துவைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கேட்டார்: "அவன் எழுதறதையே விட்டுட்டானாம்மா?"

ஒளித்ததைச் சொல்லத் துணிவில்லாமல், "ஆமாம்ப்பா" என்றேன்.

"என்னை மாதிரியே பிடிவாதக்காரன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

இன்று அவர் மேசையில் ஒரு தாள் கிடைத்தது. அதே செவ்வாய்க்கிழமைத் தேதி. ஆங்கிலத்தில் "என் அன்பு மகனே" என்று தொடங்கியிருக்கிறார். அதற்குமேல் எழுதவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வாயில்லாத
அக்கா