கைராசி போன நாள்

வெள்ளிக்கிழமை, இரவு.

லீவில் நின்ற என்னை இன்றைக்கும் போன் அடித்து சீமெந்து யார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். லொறி நிறுக்கிற புரோகிராமைக் கிளார்க் ரிஃபாயா திறந்தால் ஓடாது, நான் திறந்தால் ஓடும். கன நாளாய் இதே கதை. "உங்கட கைராசி, சேர்" என்பாள். கிண்ணியாவிலிருந்து வருகிற லொறிக்காரரும் அப்படித்தான் நம்பினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இன்றைக்கு வந்த கோபத்தில் புரோகிராமுக்கு எந்தெந்தக் கோப்பு வேண்டும், அவை கிடைக்கிறதா என்று காட்டுகிற ldd கட்டளையை அவளுடைய லொகினிலேயே அடித்துப் பார்த்தேன். புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரி கோப்பு ஒன்று இல்லை என்று வந்தது. கோப்பு கணினியில்தான் கிடந்தது. அது கிடக்கிற இடத்தை எப்போதோ என் லொகினுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், மடையன்! எல்லாருக்கும் பொதுவாக அந்த இடத்தை எழுதிக் கொடுத்து, கணினி அதைப் பதிந்துகொள்ள ldconfig கட்டளையை ஓடவிட்டேன். பிறகு ரிஃபாயா திறந்தாள். ஓடியது.

"கைராசி போச்சுது, சேர்!" என்று சிரித்தாள். போகட்டும்.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். நிறைமாத வயிற்றில் கைவைத்தபடி கேட்டாள்:

"அப்ப ஆஸ்பத்திரியில போனை ஓஃப் பண்ணி வைப்பீங்களோ?"

"ஓம்" என்றேன். எத்தனையோ தரம் சொன்ன ஓம்தான். இன்றைக்குத்தான் அது பொய்யில்லை.