வண்டி ஏன் இழுக்கவில்லை

லேக் மார்க்கெட், கொல்கத்தா
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவராஜுக்கு, உங்கள் மச்சான் நாகரத்தினம் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எடுக்கமாட்டேன்.

தங்கை கல்பனா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் பொய். சமைக்கிறாள், கடையைப் பார்க்கிறாள். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை, நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த நம் மாவு வண்டி டாக்குரியா பாலத்தில் ஏறமுடியாமல் நின்றுவிட்டது. ஒரே கறுப்புப் புகை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமுகிறது, இழுவை இல்லை. நீங்கள் சொன்ன அதே கோளாறு. வண்டி ரிப்பேர் மிஸ்திரியிடம் காட்டலாம் என்று எத்தனை தடவை சொன்னீர்கள்! நான் கேட்டேனா? டீசல் அதிகம் ஆகிறது என்றதும், நீங்கள் திருடி விற்கிறீர்கள் என்று கடை வாசலில், வாடிக்கைக்காரர்கள் முன்னால் கத்தினேன்.

மிஸ்திரி ஏர் பில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே சுருண்டு கிடந்தது என்னுடைய கட்டம் போட்ட துண்டு. விஸ்வகர்மா பூஜைக்கு உங்களுக்கு லீவு கொடுத்துவிட்டு நானே வண்டியைக் கழுவினேன் அல்லவா? தண்ணீர் உள்ளே போகாமலிருக்க அந்தக் குழாயின் வாயில் துண்டை அடைத்தேன். கழுவி, மாலை போட்டு, சூடம் காட்டினேன். துண்டை எடுக்க மட்டும் மறந்துவிட்டேன், மடையன்! காற்றுக் கிடைக்காமல் இன்ஜின் டீசலை வீணாக்கியிருக்கிறது. யாருடைய துண்டு என்று மிஸ்திரி கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அப்போதும் பொய்தான்.

மூன்று நாள் ஆகிவிட்டது. கல்பனாவிடம் சொல்ல வாய் திறப்பேன், மூடிக்கொள்வேன். என் பேச்சை நம்பித்தானே அவள் உங்களோடு அசன்சோலுக்கு வராமல் இங்கே நின்றுவிட்டாள். நேருக்கு நேர் சொல்லத் தைரியமில்லை, அதனால் இதை முதலில் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். கடை வாசலிலும் எல்லோரிடமும் சொல்கிறேன், அன்றைக்குக் கத்திய அதே குரலில். என்னை எது வேண்டுமானாலும் திட்டுங்கள் மாப்பிள்ளை. அவள்மேல் கோபம் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
நாகரத்தினம்

கல்பனா எழுதுகிறேன். படித்துவிட்டேன். அண்ணனோடு பிறகு சண்டை போட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அவன் கத்தியபோது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர மனமில்லை என்றால் வர வேண்டாம், விலாசம் என்னிடம் இருக்கிறது. கதவை மட்டும் திறங்கள்.