பிரேக் பிடித்த கை

ஜூன் 4, வியாழன்

குருவி,

நேற்று உன் பைக் வீட்டுக்கு வந்துவிட்டது. மலை இறக்கத்தில் நீ விழுந்து போன நாளிலிருந்து மூன்று மாதம் போலீஸ் வைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் அதை முன் அறைக்குள்ளேயே ஏற்றி, சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு நிறுத்தியிருக்கிறார். இடது பக்கப் பெட்டி அப்பளமாக நசுங்கிவிட்டது. வலது பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அதை முந்தானையால் துடைத்து வைத்தேன்.

ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீ சிரித்துக்கொள்.

அதிக வேகம் என்று எழுதிப் போலீஸ் கேஸை மூடிவிட்டது. மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "அவ வேகமா போவா அத்தை. ஆனா நிறுத்தத் தெரியாம போக மாட்டா. வண்டியில ஏதோ கோளாறு. யார் கைன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உன் அம்மா


ஜூன் 9, செவ்வாய்

குருவி,

தினமும் வேலை விட்டு வந்ததும் அவர் சட்டைகூட மாற்றுவதில்லை. பழைய படுக்கை விரிப்பைத் தரையில் போட்டு, நீ ஆசை ஆசையாக வாங்கி மாட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்குகிறார். தெருவே திரும்பிப் பார்த்த அந்தச் சைலன்சர். பின்னால் போட்ட மஞ்சள் ஸ்பிரிங். லேப்டாப்பில் இணைத்து வண்டிக்கு வேகம் கூட்டிய சின்னப் பெட்டி. அதை மாட்டிய அன்று, "நீ இஸ்திரிப் பெட்டி ஓட்டுறம்மா, நான் இதை ஓட்டுறேன், ரெண்டு பேருக்கும் சூடுதான்" என்று சிரித்தாய்.

இன்றைக்குப் பிரேக்குக்கு வந்துவிட்டார். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு நீ போட்ட கம்பி வலை சுற்றிய ஹோஸ். "ஓடுறதுக்குச் செலவு பண்ணா நிக்கிறதுக்கும் பண்ணணும்ல" என்று வாங்கினாயே, அது. பிரேக் கைப்பிடியை அழுத்திக் காட்டினார். பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது.

"எங்கயும் ஒழுகல அத்தை. அப்போ எண்ணெய்க்குள்ள காத்து நின்னுருக்கு. தெருவுல ஓட்டினா ஒண்ணும் தெரியாது. மலை இறக்கத்துல பிடிச்சுப் பிடிச்சுச் சூடானா பிரேக் கை விட்டுரும். எல்லாம் அந்தச் சோடாபுட்டி வேலை."

உன் மெக்கானிக்குக்கு நீ வைத்த பெயரையே இவரும் சொல்கிறார். மற்றதை எல்லாம் மாட்டியது சோடாபுட்டிதான். ஆனால் இந்த ஹோஸை அவர் தொடவே இல்லை. மாப்பிள்ளை வெளியூர் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நீயும் நானும்தானே மாட்டினோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியை அழுத்திப் பிடித்தேன். நீ கீழே குனிந்து திருகைத் திறந்து, காற்றை வெளியே விட்டு, மூடினாய். "பிடி… பிடிச்சுக்கோ… இப்ப விடு." அரை மணி நேரம் அதே பாட்டு.

இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

அம்மா


ஜூன் 13, சனி

கண்ணு,

சோடாபுட்டியே இன்றைக்கு வீட்டுக்கு வந்தார். தன் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் மாப்பிள்ளை வாசலிலேயே நின்று திருப்பி அனுப்புகிறாராம்.

"சார், அந்த ஹோஸை நான் மாட்டலை. வீட்டுல நானே மாட்டிக்கிறேன்னு பாப்பா வாங்கிட்டுப் போச்சு."

"செத்தவ வந்து சாட்சி சொல்ல மாட்டாங்கிற தைரியம்!"

"வீட்டுல வேற யார்கிட்டயாவது கேளுங்க சார்."

"வீட்டுல யாரு? இவங்களா? இவங்களுக்கு ஸ்பேனர் எது, கரண்டி எதுன்னே தெரியாது."

சோடாபுட்டி அந்தக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்த் தம்ளரோடு கதவோரம் நின்றேன். ஒரு வார்த்தை போதும், குருவி. நான் தம்ளரைத்தான் நீட்டினேன். அந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்காமல் படி இறங்கிப் போனார்.

பாவி அம்மா


ஜூலை 5, ஞாயிறு

குருவி,

வண்டி மறுபடி ஓடுகிறது. முன் சக்கரத்தை மாற்றி, உன் சாமான்களை எல்லாம் பழையபடியே மாட்டிவிட்டார். பிரேக்கை மட்டும் சரி செய்யவில்லை. காற்றை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். ஏன் என்று இன்று காலையில்தான் தெரிந்தது.

"சோடாபுட்டியைக் கூட்டிட்டு மலைக்குப் போறேன் அத்தை. சமாதானமாப் போயிடலாம், வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கன்னு கூப்பிட்டேன், வரேன்னுட்டான். அவன் மாட்டின பிரேக்கு. அவனே இறங்கட்டும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை, பிரேக் பிடிச்சது நான். விரல் மரத்துப் போச்சு. அவ திருகை மூடுறதுக்கு முன்னாடி கை தானா விட்டுருச்சு. அதுல காத்து உள்ள போயிருக்கும்."

அவர் கத்தவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருஷம் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட விரல்கள். பிறகு, "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அத்தை என்று சொல்லவில்லை. பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். நான் பின்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். என் பிடி எவ்வளவு நேரம் நிற்கும்? கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஹெல்மெட் ஆணியிலேயே தொங்குகிறது. அவர் போனும் மேஜைமேல் கிடக்கிறது.

அதிலேயே சோடாபுட்டியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எந்தப் பக்கம் போனாரும்மா?" என்று மட்டும் கேட்டார். "மலைப் பக்கம்" என்றேன். "நீங்க வீட்டுலயே இருங்க" என்று வைத்துவிட்டார். அவரிடம் இருப்பது ஓட்டை ஸ்கூட்டர். போய் மூன்று மணி நேரம் ஆகிறது. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

அவர் கேட்டதற்கு உன்னிடம் பதில் சொல்கிறேன். அன்றைக்கு நீ நிமிர்ந்து பார்த்து, "விட்டுட்டியாம்மா?" என்று கேட்டாய். நான் "இல்லடி" என்றேன். விரல் மரத்துப் போகிறது என்று தெரிந்தால் வேலையை விடச் சொல்லுவாய். உன் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டிவரும். அந்த வீம்புதான், வேறொன்றும் இல்லை. நீ ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தாய். பிறகு குனிந்து திருகைத் துடைத்தாய். காற்றை எடுக்க மறுபடி ஒரு தடவை அழுத்தச் சொல்லவே இல்லை.

நான் இல்லை என்றதை நீ நம்பினாயா, குருவி? இல்லை, தெரிந்தும் அம்மா முகம் வாடிவிடக் கூடாதென்று சும்மா இருந்துவிட்டாயா?